சிநேகிதனுக்கு என்ன வாடகை?

லாரித் தொழிலில் டயர் வெடித்தால் டயரை மாற்றலாம், ஆக்சில் முறிந்தால் ஆக்சிலை மாற்றலாம், ஆனால் சிநேகிதனுக்கு ஓட்டிய வண்டிக்கு ரேட்டு சொல்ல எந்த மெக்கானிக்கும் சொல்லித்தர மாட்டான். இது புரிவதற்கு நீங்கள் லாரி வைத்திருக்க வேண்டியதில்லை. மச்சானுக்குச் சட்டை தைத்துக் கொடுத்த தையல்காரராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரருக்குப் பல் பிடுங்கிய டாக்டராக இருக்கலாம். வேலை முடிந்து, அவர் சட்டைப்பையில் கையை விட்டுக்கொண்டு "எவ்வளவு?" என்று கேட்டாரே, அப்போது உங்கள் முகம் போன போக்கு எனக்குத் தெரியும். நீங்கள் நம்ம கட்சி. உட்கார்ந்து கேளுங்கள்.

மாப்பிள்ளை ஏறிவிட்டார்

அறுபதுகளின் கடைசியில், மிலிட்டரிக்காரர்கள் போதும் என்று ஏலத்தில் தள்ளிவிட்ட லாரி ஒன்றை வாங்கி தருமபுரியில் ஓட்ட ஆரம்பித்தேன். முதலாளியும் நான்தான், டிரைவரும் நான்தான். திட்டு வாங்குவதற்கும் நான் ஒருத்தன்தான். தொப்பூர் மலைப்பாதை பக்கத்தில் இருந்ததால் பிழைப்புக்குக் குறைவில்லை. அங்கே தினம் ஒரு வண்டியாவது படுத்துக்கொள்ளும். அந்த லோடை நம் லாரிக்கு மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அவசர வாடகை. முன்பின் தெரியாதவரிடம் ரேட்டு பேசுவது ஒரு கஷ்டமே இல்லை. நான் அதிகம் சொல்வேன், அவர் குறைத்துச் சொல்வார், ரெண்டு பேரும் முனகிக்கொண்டே ஒரு இடத்தில் நிற்போம். ரெண்டு பேரும் முனகினால் அது நியாயமான வாடகை என்று அர்த்தம்.

ஒரு நாள் காலை சேலத்தில் லோடு இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வருகிறேன். தொப்பூரில் ஒரு கல்யாண வேன் நிற்கிறது. தருமபுரியில் ஒன்பது மணிக்கு முகூர்த்தம். நான் நாற்பது ரூபாய் கேட்டேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் இருபதில் ஆரம்பித்தார். இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று அவர் ஏறுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. நானும் விடவில்லை, நமக்கும் ரோஷம் இருக்கிறதல்லவா? கடைசியில் மாப்பிள்ளை மாலையைக் கையில் சுருட்டிக்கொண்டு லாரியில் ஏறி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். வெளியே தலையை நீட்டிச் சொன்னார்: "மாமா, நீங்க பேசி முடிச்சிட்டு மெதுவா வாங்க. நான் போய் தாலியைக் கட்டிடறேன்."

புளி மூட்டையும் மேகமும்

இனி கரீம் கதை. பாலக்கோட்டில் புளி வியாபாரம் செய்த கரீம் எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. மனசு சரியில்லை என்றால் பாலக்கோட்டு பஸ்ஸில் ஏறி அவன் கடையில் போய் உட்காருவேன். அவன் ஒன்றும் கேட்க மாட்டான், ஒரு டீ சொல்வான். அப்படி உட்கார எனக்கு உலகத்திலேயே அந்த ஒரு இடம்தான் இருந்தது. இந்தக் கதையில் என் கையை விட்டுப் போகப் பார்த்தது அதுதான்.

அவனிடமும் ஒரு பழைய லாரி உண்டு, அவனே ஓட்டுவான். ஒரு சித்திரை மாதக் காலையில், சேலம் - பாலக்கோடு பஸ்ஸின் கண்டக்டர் கோவிந்தன் எங்கள் லாரி ஸ்டாண்டில் பஸ்ஸை நிறுத்தித் தலையை நீட்டினான். அந்தக் காலத்தில் எங்களுக்கு டெலிபோன், தந்தி எல்லாம் கோவிந்தன்தான். "ஓனரே, கரீம் பாய் வண்டி தொப்பூர்ல ஆக்சில் முறிஞ்சு நிக்குதுங்க. புளி லோடு. மேகம் வேற இறங்குது. உங்களை உடனே வரச் சொன்னாரு." என் லாரியில் கடத்தூருக்குப் போக வேண்டிய கடலை மூட்டை பாதி ஏறியிருந்தது. அத்தனையையும் இறக்கினேன். கடலைக்காரர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். திட்டட்டும் என்று கிளம்பிவிட்டேன்.

தொப்பூர் சாப்பாட்டுக் கடையில் நான்கு ஆட்களைப் பிடித்து, அவர்களோடு நாங்கள் ரெண்டு பேரும் முதுகு கொடுத்து, நூற்றிருபது மூட்டையை வண்டி மாற்றினோம். புளி நனைந்தால் கரீமுக்கு அந்த வருஷம் போட்ட முதல் அவ்வளவும் போச்சு. சேலம் மண்டியில் கடைசி மூட்டை உள்ளே போகவும் வெளியே சடசடவென்று மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. மண்டிக்காரர் ஒரு மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார், பிறகு வேர்வையில் தொப்பலாக நின்ற எங்களைப் பார்த்தார்: "புளி நல்லா காஞ்சிருக்குது. கொண்டுவந்த ஆளுங்கதான் ஊறிப்போயிருக்கீங்க."

அட போடா

சேலத்தில் ஒரு ஓட்டலில் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்தோம். கரீம் வேட்டி மடிப்பில் கையை வைத்தான். "எவ்வளவுடா?" என்றான். "அட போடா" என்றேன். சாதாரண நாளில் சேலத்துக்கு வாடகை தொண்ணூறு ரூபாய், அவசரத்துக்கு ஊரானிடம் நூற்றைம்பது வாங்குவேன். அதெல்லாம் அவனுக்கும் தெரியும். தெரிந்ததுதான் வம்பாகப் போய்விட்டது.

"சும்மா ஓட்டினா நாளைக்கு மறுபடியும் எப்படிடா உன்னைக் கூப்பிடுவேன்?" என்றான். "கூப்பிடாம வேற யாரைக் கூப்பிடுவே?" என்றேன் நான். கல்லாவில் இருந்தவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கரீம் பேனாவை எடுத்தான், சாப்பாட்டு பில்லைத் திருப்பி வைத்துக்கொண்டான், முகத்தைக் கல்லு மாதிரி வைத்துக்கொண்டு கேட்டான்: "சரி, உன் 'அட போடா' எத்தனை ரூபாய்? எழுதிக்கறேன், சொல்லு."

இருநூறு ரூபாய் பஸ் ஏறியது

சனியன் விட்டது என்று "டீசலுக்கு இருபத்தஞ்சு குடு" என்று சொல்லித் தொலைத்தேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. அவன் எழுந்து போய்விட்டான். மறுநாள் கோவிந்தன் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். பிரித்தால் இருநூறு ரூபாயும் ஒரு சீட்டும். "ஊரானுக்கே நூற்றைம்பது தருவேன். நீ ஊரானைவிட மேல். ஆகவே இருநூறு" என்று எழுதியிருந்தான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊரானைவிட மேல் என்றால் ஊரானைவிடக் குறைவாகத்தானே வாங்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். அதே சீட்டின் பின்பக்கம் "நான் ஊரான் இல்லை. ஆகவே இருபத்தைந்து" என்று எழுதி, இருநூறையும் அப்படியே திருப்பி அனுப்பினேன். மறுநாள் அது திரும்ப வந்தது. நான் திரும்ப அனுப்பினேன். இப்படியே ஒரு மாதம். பொட்டலத்துக் காகிதம் கிழிந்து, கோவிந்தனே புதுக் காகிதம் வாங்கிச் சுற்றினான். ஒரு வாரம் அவன் லீவு போட்டுவிட்டான். உடம்பு சரியில்லையா என்று கேட்டால், இல்லை, பணம் தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் தூக்கம் வரவில்லையாம்.

கடைசியில் ஒரு நாள் பொட்டலத்தை என்னிடம் வாங்கிக்கொண்டவன், இதைப் பாய் கையில் கொடுத்த பிறகு தன் பையை இனி யாருக்காகவும் திறப்பதில்லை என்று சத்தியம் செய்தான். பஸ் நிறைய ஜனம் கேட்டுக்கொண்டிருந்தது. "இந்தப் பொட்டலத்துக்குத் தினம் ஒரு டிக்கெட் போட்டிருந்தா எங்க மொதலாளி இந்நேரம் ரெண்டாவது பஸ் வாங்கியிருப்பாருங்க."

முகம் தெரியாத லாரி

அதற்குப் பிறகு கரீமிடமிருந்து சீட்டும் இல்லை, ஆளும் இல்லை. நானாகப் போவதா? அவன் வரட்டும் என்று இருந்தேன். அவனும் அங்கே அதையேதான் நினைத்துக்கொண்டு இருந்திருப்பான், எனக்குத் தெரியாதா அவனை. ரெண்டு தடவை பாலக்கோட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, கிளம்பும் முன்னால் இறங்கிவிட்டேன்.

ஆடி மாதம் ஒரு நாள் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். சேலம் பக்கமாகப் போகிற லாரி ஒன்று வந்து டீக்கடையில் நின்றது. மேலே மூட்டை. வாயைப் பச்சை நூலால் தைத்த மூட்டை. பாலக்கோட்டில் பச்சை நூல் போட்டுத் தைப்பவன் கரீம் ஒருத்தன்தான். டிரைவரிடம் விசாரித்தேன். பாயின் வண்டி கியர் பாக்ஸ் போய்ப் பாலக்கோட்டு ரோட்டில் காலையிலிருந்து நிற்கிறதாம், இந்த ஆளைக் கையைக் காட்டி நிறுத்திக் கூப்பிட்டானாம், நூற்றெண்பது ரூபாயாம். என் ஸ்டாண்டு வழியாக, என் கண் முன்னாலேயே, அவன் சரக்கு யாரோ ஒருத்தன் வண்டியில் போகிறது. சொல்வதற்கு என்ன வெட்கம், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டிரைவர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, ரேட்டு அதிகமாகிவிட்டதோ என்று தன் நியாயத்தைச் சொல்ல ஆரம்பித்தார்: "நான் கேட்டதை அப்படியே குடுத்தாருங்க. சிநேகிதன்கிட்ட பேசிப் பேசி நொந்து போயிட்டாராம், தெரியாத ஆளுன்னா நிம்மதின்னு சொன்னாரு."

துண்டுக்குள் விரல்

இதற்கு ஒரு முடிவு கட்டியது கோவிந்தன்தான். காரிமங்கலம் மாட்டுச் சந்தையில் அவனுக்குத் தெரிந்த தரகர் ஒருவர் இருந்தார், முனுசாமி என்று. மாட்டுக்கு விலை பேசுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாய் திறந்து ஒரு பேச்சுக் கிடையாது. தரகர் கையின் மேல் துண்டைப் போட்டுக்கொள்வார், துண்டுக்குள் நாம் அவர் விரலைப் பிடிக்க வேண்டும், எத்தனை விரலோ அத்தனை விலை. ரெண்டு பக்கமும் மாறி மாறிப் போய்ப் பேசி, ஒரு இடத்தில் விலை தகைந்து ஒத்துப்போனதும் ரெண்டு பேர் கையையும் சேர்த்துத் தட்டுவார். தட்டியபின் மாற்றிப் பேசினவன் அந்தச் சந்தையில் அப்புறம் தலைகாட்ட முடியாது. "ரெண்டு பேரும் வாய் திறந்தாத்தானே சண்டை? வாயே வேண்டாம்" என்றான் கோவிந்தன். என்னிடமும் கரீமிடமும் தனித்தனியாகச் சொல்லி, ஒரு சந்தை நாளில் கொண்டுபோய் நிறுத்தினான். எங்கள் மானத்தைக் காப்பாற்றுவதற்காக, என்ன விஷயம் என்று மட்டும் தரகரிடம் சொல்லவில்லை. வீட்டில் கட்டியிருக்கிற ஏதோ மாட்டுக்கு விலை பேசுகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

விரலுக்கு இருபது ரூபாய். கரீம் முழுக்கையையும் ரெண்டு தடவை பிடித்தான், இருநூறு. நான் அவன் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு ரெண்டு விரல் பிடித்தேன், நாற்பது. முனுசாமி என்னிடம் வந்து காதோடு "ஒரு விரல் ஏறி வாங்க" என்றார். கரீமுக்காகக் கூடுதலாக வாங்கிக்கொள்ளச் சொல்கிறார் என்று ஏறினேன். அவனிடம் போய் "ஒரு விரல் எறங்குங்க" என்றார். எனக்காகக் குறைத்துக் கொடுக்கச் சொல்கிறார் என்று அவன் இறங்கினான். எவ்வளவு அருமையான மனுஷன் என்று நினைத்தேன். நான் நாலு விரல் ஏற, அவன் நாலு விரல் இறங்க, ஆறு விரலில் வந்து நின்றது. துண்டை உதறித் தோளில் போட்டார், எங்கள் கைகளைச் சேர்த்து ஓங்கித் தட்டினார், "தகைஞ்சுது, நூத்திருபது" என்றார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அப்போது அவர் என் பக்கம் திரும்பி, "எடுங்க பணத்தை" என்றார்.

"நான் எதுக்குங்க எடுக்கறது? அவன்தான் தரணும்" என்றேன். கரீமும் ஆமாம், தான்தான் தர வேண்டும் என்றான். முனுசாமி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். வாங்க வேண்டியவன் குறைத்துக் கேட்டான், கொடுக்க வேண்டியவன் கூட்டிச் சொன்னான் என்று கோவிந்தன் முதலிலிருந்து விளக்கினான். அவருக்கு அது ஏறவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் ஏறவில்லை. கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தர் கன்னடத்தில் ஏதோ கேட்க, இன்னொருத்தர் தெலுங்கில் பதில் சொல்ல, எல்லோரும் சேர்ந்து என்னைத்தான் முறைத்தார்கள். முனுசாமி முடிவாகச் சொன்னார்: "கூட கேட்டவன் விக்கறவன், கொறச்சுக் கேட்டவன் வாங்கறவன். உங்க ரெண்டு பேருக்காக இதை மாத்தினா நாளைக்கு இங்க ஒரு கன்னுக்குட்டி கூட விக்காதுங்க."

கையை நீட்டினான்

நான் கரீமைப் பார்த்தேன். நீ சொல்லேண்டா என்று பார்த்தேன். அந்தப் படுபாவிக்கு உதட்டோரம் துடிக்க ஆரம்பித்தது. மூன்று மாதமாக நான் பார்க்காத சிரிப்பு. அடக்கிக்கொண்டு, முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு, கையை நீட்டினான். "கை தட்டியாச்சு. குடு" என்றான். தேய்ந்த டயரை ரீட்ரெட் பண்ண வைத்திருந்த பணம் என் மடியில் இருந்தது. எண்ணி நூற்றிருபதை அவன் கையில் வைத்தேன். தரகு ரூபாய் ரெண்டு அவன் பங்கு, ரெண்டு என் பங்கு.

சந்தைக்கு வெளியே வந்து புளியமரத்தடியில் நின்று சிரித்தோம். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. கோவிந்தன் மட்டும் சிரிக்கவில்லை, தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். கரீம் பணத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே என் தோளில் கையைப் போட்டான். பிறகு சொன்னான்: "உனக்கு ஒண்ணும் தரலையேன்னு இத்தனை நாளா கூசிக் கூசி உன் பக்கமே வரலைடா. இப்ப உன் காசையும் வாங்கிக்கிட்டேன், இனிமே எனக்கு என்னடா கூச்சம்?"

சரோஜாவின் கேள்வி

வீட்டில் என் மனைவி சரோஜாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மறைத்தாலும் கோவிந்தன் பஸ்ஸில் சொன்னால் அரை மணி நேரத்தில் தருமபுரி முழுக்கத் தெரிந்துவிடும். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவே இல்லை. கடத்தூர் கடலை வாடகை போனது, சேலம் வாடகை வரவில்லை, டயர் பணமும் போனது, இதையெல்லாம் நான் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு நிற்பதை ஒரு நிமிஷம் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரிதான் கேட்டாள்: "ஏங்க, போன தடவை உதவி பண்ணிட்டு சும்மா வந்தீங்க. இந்தத் தடவை காசும் குடுத்துட்டு வந்தீங்க. அடுத்த தடவை வண்டியை வூட்டுக்கு ஓட்டிக்கிட்டு வருவீங்களா, இல்ல நடந்துதான் வருவீங்களா?"

பழையபடி தொப்பூர்

அடுத்த தடவைக்கு ரொம்ப நாள் காத்திருக்கவில்லை. ஐப்பசியில் ஒரு காலை, ஸ்டாண்டில் பஸ் நின்றது. கோவிந்தன் தலையை நீட்டினான். பாய் வண்டி தொப்பூரில் நிற்கிறதாம், என்னை வரச் சொன்னானாம். "வேற லாரி எதையும் நிறுத்தலையா?" என்று கேட்டேன். ரெண்டு லாரிக்காரர்கள் தாங்களாகவே நிறுத்திக் கேட்டார்களாம், என் ஆள் வருவான் என்று அனுப்பிவிட்டானாம். அதைக் கேட்டதும் எனக்கு உண்டான சந்தோஷத்தை நூற்றிருபது ரூபாய் என்று யாராவது சொல்லியிருந்தால், மலிவு என்று இன்னொன்றும் வாங்கியிருப்பேன்.

லோடை மாற்றினோம், சேலத்தில் இறக்கினோம், ஓட்டலில் சாப்பிட்டோம். கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. மேஜை மேல் தொண்ணூறு ரூபாய் வைத்தான். சாதாரண நாள் வாடகை, ஊரானுக்கும் அதுதான். நான் எடுத்து, ஊரானிடம் எண்ணுகிற மாதிரியே எச்சில் தொட்டு எண்ணி மடியில் வைத்துக்கொண்டேன். அவனும் பார்த்துக்கொண்டே இருந்தான், ரெண்டு பேர் மனசிலும் ஒன்றும் உறுத்தவில்லை. எழுந்திருக்கும்போது, வெற்றிலையை மடித்துக்கொண்டே சாவகாசமாகச் சொன்னான்: "இது சந்தையில நீ குடுத்த நூத்திருபதுல இருந்துதான் எடுத்தேன். இன்னும் முப்பது மிச்சம் இருக்குது. தீர்ந்தா சொல்றேன், முனுசாமிகிட்ட போயிட்டு வரலாம்."

ஆக, ஆபத்தில் சிநேகிதனுக்கு ஓட்டிய லாரிக்கு நியாயமான வாடகை ஒன்று இருக்கவே இருக்கிறது, அதை நம் பாக்கெட்டிலிருந்து முன்கூட்டியே அவனுக்குக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.